பொம்மைப் புலிக்கு எத்தனை விரல்? மிருக பொம்மை சேர்க்க வருகிறவர்களுக்கு

எங்கள் பாட்டி மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்பாள், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பாள். வடசென்னையில் கொஞ்சம் வயதானவர்களிடம் இன்றைக்குப் பேச்சுக் கொடுத்தாலும் அந்த இரண்டு பெயரும் வாயில் வரும். என்னிடம் இருப்பது மூன்றாவது காலேஜ், பிளாஸ்டிக் காலேஜ். பழைய வண்ணாரப்பேட்டையில் மாடியில் ஒரு போர்ஷன், அதில் ஒரு ஷோகேஸ், பாதிப் பரண், கட்டிலுக்கு அடியில் நாலு டப்பா. துறைமுகத்துப் பக்கம், இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தபோது பிடித்த பைத்தியம் இது, பதினாலு வருடமாகத் தெளியவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஷோகேஸைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். எங்கே வாங்கினீங்க, எவ்வளவு? இரண்டும் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆயிரம் ரூபாய் பொம்மையில் தப்பு இருக்கும், நாற்பது ரூபாய் பொம்மையில் அச்சு அசல் நரி உட்கார்ந்திருக்கும். பொம்மை செய்தவன் அந்த மிருகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தான் என்பதுதான் சரக்கு. அது நமக்குத் தெரிய வேண்டுமென்றால் அவனுக்கு முன்னால் நாம் பார்த்திருக்க வேண்டும்.

முதல் மாதம் ஒன்றும் வாங்காதீர்கள்

நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்தக் காசை ரயிலுக்கு வையுங்கள். சென்னை மிருகக்காட்சிசாலை ஒரு காலத்தில் நம் பக்கம்தான் இருந்தது. 1855ல் எழும்பூர் மியூசியப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் அங்கேயே ஆரம்பித்தார், அப்புறம் பார்க் டவுன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது, 1985ல் வண்டலூரில் திறந்துவிட்டார்கள். அதே 1985ல்தான் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. ஒரே வருடத்தில் உயிர்ப் புலியும் போச்சு, பொம்மைப் புலி விற்ற கடையும் போச்சு என்று எங்கள் அப்பா சொல்வார்.

இப்போது வண்டலூருக்கு பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் போதும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, தெரியாமல் போய் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஆனால் வாங்கிய பொம்மையைப் பற்றி விமர்சனம் எழுதப் பழகுகிறவர்களுக்கு உயிர் காலேஜை விடச் செத்த காலேஜ் நல்லது. அங்கே மிருகம் ஓடாது, தூங்காது, புதருக்குப் பின்னால் ஒளியாது. பாடம் செய்த உடல்களையும் எலும்புக்கூடுகளையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். எழும்பூரில் விடுமுறை வெள்ளிக்கிழமை. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். வரைய வராவிட்டால் பரவாயில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

எண்ண வேண்டியதில் சிலது சொல்கிறேன். புலிக்கு முன்னங்காலில் ஐந்து விரல், அதில் ஒன்று கட்டை விரல் மாதிரி மேலே ஏறி நிற்கும், தரையில் படாது. பின்னங்காலில் நாலு. காதின் பின்புறம் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. கண்ணின் பாப்பா வட்டம். வீட்டுப் பூனைக்கு வெளிச்சத்தில் கோடு மாதிரி ஆகுமே, அது புலிக்கு இல்லை. கடையில் கிடைக்கும் பொம்மைப் புலிகளைத் திருப்பிப் பாருங்கள், கோடு போட்ட கண்ணோடு எத்தனை நிற்கிறது என்று தெரியும். பெயிண்ட் அடித்தவர் பூனையை மனதில் வைத்து அடித்திருக்கிறார்.

யானையில் நம்ம ஊர் யானையா ஆப்பிரிக்க யானையா என்று காதைப் பார்த்தே எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். நம்ம யானைக்கு நெற்றியில் இரண்டு மேடு, முதுகு வளைந்து உயர்ந்திருக்கும், தும்பிக்கை நுனியில் ஒரே ஒரு விரல். ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளம், தும்பிக்கை நுனியில் இரண்டு விரல். காதை மட்டும் சின்னதாக வெட்டிவிட்டு மீதி எல்லாம் ஆப்பிரிக்காவாகவே விட்ட பொம்மைகள் நிறைய உண்டு. பெண் யானைக்கு நீளத் தந்தம் வைத்து "இந்திய யானைக் குடும்பம்" என்று அட்டை போட்டிருப்பார்கள். நம்ம ஊர்ப் பெண் யானைக்கு வெளியே தெரிகிற மாதிரி பெரிய தந்தம் கிடையாது.

புள்ளி போட்டதெல்லாம் சிறுத்தை இல்லை. சிறுத்தைக்கு ரோஜாப்பூ மாதிரி வளையம் வளையமாக இருக்கும், ஜாகுவாருக்கு அந்த வளையத்துக்குள்ளே இன்னும் சின்னப் புள்ளிகள், சிவிங்கிப்புலிக்கு வளையமே இல்லாத முழுப் பொட்டு, கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த மாதிரி கறுப்புக் கோடு. 2022ல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்களே, அது சிவிங்கிப்புலி. ஒரே உடல் அச்சை எடுத்து மூன்று விதமாகப் புள்ளி வைத்து மூன்று மிருகமாக விற்கும் கவர் சவுக்கார்பேட்டையில் சல்லிசாகக் கிடைக்கிறது. சிவிங்கிப்புலிக்கு இருக்க வேண்டிய நீளக் கால், சின்னத் தலை எதுவும் அதில் இருக்காது.

இன்னொன்று, இதற்கு வண்டலூர் கூடப் போக வேண்டாம். தெருவில் மாடு நடப்பதைப் பாருங்கள், எங்கள் தெருவில் அதற்குக் குறைவே இல்லை. இடது பின்னங்கால், அப்புறம் இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். நாலுகால் மிருகம் பெரும்பாலும் நிதானமாக நடந்தால் இந்த வரிசைதான். அதனால் ஒரு பக்கம் இரண்டு காலும் கிட்டே வந்திருந்தால் எதிர்ப்பக்கம் இரண்டும் விரிந்திருக்கும். நடக்கிற பொம்மையில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கிட்டே வந்திருந்தால் அந்த மிருகம் அடுத்த அடி வைக்காது, விழும். 2009ல் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த பொம்மைகளில் பாதிக்குப் பாதி நடை தப்பு. மியூசியங்களிலேயே பத்துக்கு நாலு தப்பாம், மிருக உடற்கூறு புத்தகங்களில் பாதிக்கும் மேல். அதனால் பொம்மைக்காரனை ரொம்பவும் திட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்க்க முடியாது

நம் வீடுகள் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பத்துக்குப் பத்து ரூமில் மனைவி, பிள்ளை, பீரோ எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் காடு வளர்க்க வேண்டும். ஆகவே ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். பூனைக் குடும்பம் மட்டும், யானை மட்டும், குட்டிகள் மட்டும், தமிழ்நாட்டுக் காட்டில் இருப்பது மட்டும், எதுவானாலும் சரி. எனக்குத் தெரிந்த ஒருவர் தண்ணீர் குடிக்கிற பாவனையில் இருக்கும் மிருகங்களை மட்டும் சேர்க்கிறார், வட்டமாக வைத்து நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு போட்டால் குளம் ஆகிவிடும். என் வேலி மேற்குத் தொடர்ச்சி மலை. வேலிக்கு வெளியே போனதே இல்லையா என்றால், ஒட்டகச்சிவிங்கி மட்டும் மூன்று இருக்கிறது, அதைக் கேட்காதீர்கள்.

அடுத்தது அளவு. இதைப் பார்க்காமல் வாங்கினால் நரி புலியை விடப் பெரிதாக வந்து நிற்கும், ஏனென்றால் கம்பெனிகள் பெரும்பாலும் பெட்டிக்கும் விலைக்கும் தக்கபடிதான் அளவு போடுகிறார்கள். கணக்கு சுலபம். ஆண் யானை தோள் உயரம் சுமார் 275 செ.மீ. பொம்மை யானை தோளில் 14 செ.மீ இருந்தால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதே கணக்கில் ஒரு மீட்டர் தோள் உயரமுள்ள புலி 5 செ.மீ வர வேண்டும், 180 செ.மீ காட்டுமாடு 9 செ.மீ, 90 செ.மீ புள்ளிமான் நாலரை. அளப்பது தோள் வரை, தலை வரை இல்லை, இதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஒரு செ.மீ அப்படி இப்படி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள். என் அலமாரியில் இருபதுக்கு ஒன்றுதான் சட்டம், பறவைக்கும் பாம்புக்கும் மட்டும் சலுகை.

எங்கே வாங்குவது

சரி, கேட்டுக்கொண்டே இருந்தீர்களே. சவுக்கார்பேட்டையில் நாராயண முதலி தெரு, ஈவ்னிங் பஜார் அந்த வட்டாரம் முழுக்க ஹோல்சேல். காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள், சாயங்காலம் நடக்கவே இடம் இருக்காது. சில கடையில் டஜன் கணக்கில்தான் கொடுப்பார்கள், கறாராக இருப்பார்கள். "சேட், ஒரே ஒரு பாக்கெட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தன்மையாகக் கேட்டால் பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். கவரில் பன்னிரண்டு மிருகம் இருக்கும், அதில் தேறுவது இரண்டு. அந்த இரண்டுக்காக வாங்கலாம், மீதியை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கீழே எழுதியிருக்கும் ஐஎஸ்ஐ விஷயத்தைப் படியுங்கள்.

திருவொற்றியூரில் மாசித் திருவிழா சமயத்தில் கோயிலைச் சுற்றிப் போடும் கடைகளையும் விடாதீர்கள். பழைய அச்சில் வார்த்த ரப்பர் மிருகங்கள், அமுக்கினால் கீச்சென்று கத்துவது, அங்கேதான் வாங்கினேன். ஆனால் என்னுடைய உண்மையான வேட்டைக்காடு பழைய பேப்பர் கடை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பிள்ளைகள் பெரிதானதும் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கடைக்காரரிடம் "நாலுகால் பொம்மை எது வந்தாலும் எடுத்து வைங்கண்ணே" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு நாள் உடைந்த பக்கெட்டுக்கு அடியிலிருந்து ஒரு காண்டாமிருகம் எடுத்துக் கொடுத்தார். தோல் மடிப்பு மடிப்பாகக் கவசம் மாதிரி, ஒற்றைக் கொம்பு, நம்ம அசாம் காண்டாமிருகம், வயிற்றில் ஜெர்மன் கம்பெனி முத்திரை. இருபது ரூபாய் கொடுத்தேன், டீக்குத் தனியாகப் பத்து. வீட்டுக்கு வந்து கழுவும்போது கை நடுங்கியது.

ஆன்லைனில் வாங்கினால் படத்தை நம்பாதீர்கள். "இந்திய யானை" என்று போட்டிருந்த ஒன்றைப் பக்கவாட்டுப் படம் மட்டும் பார்த்து ஆர்டர் செய்தேன், வந்தது ஆப்பிரிக்க யானை, அதுவும் என் உள்ளங்கையில் பாதி. அளவு செ.மீல் போட்டிருக்கிறதா, வயிற்று முத்திரை தெரிகிற மாதிரி படம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள், அனுப்பாவிட்டால் விடுங்கள். வெளிநாட்டுப் பொம்மை ஏன் இவ்வளவு விலை என்று குமுறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது, 2020ல் 60 ஆனது, 2023ல் 70. அந்தப் பேப்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஆபீஸில் எல்லோரும் வருமான வரி பற்றிப் பேச, நான் மட்டும் என் வரிக்குதிரைக்காக அழுதேன்.

கம்பெனிகளைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் இதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் அதிகம். ஷ்லைக், ஜெர்மனி, 1935ல் ஆரம்பித்தது. கெட்டியாக இருக்கும், குழந்தை கடித்தாலும் தாங்கும், ஆனால் தலையும் பாதமும் கொஞ்சம் பெரிதாக வைத்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். புல்லிலேண்டும் ஜெர்மனிதான். சஃபாரி லிமிடெட் அமெரிக்கா, 1982லிருந்து. நீளக் குழாய் டப்பாவில் குட்டிக் குட்டி மிருகங்கள் அடைத்து விற்பார்களே, அது அவர்கள்தான், புதியவர்களுக்கு நல்ல ஆரம்பம். பாப்போ பிரான்ஸ், வாயைத் திறந்து உறுமுகிற முகம் அவர்களுக்கு நன்றாக வரும். கலெக்டாவில் பேர் தெரியாத மிருகங்கள்கூடக் கிடைக்கும். கைகால் அசைய வேண்டும் என்கிறவர்களுக்கு ஜப்பானின் டக்காரா டோமி ஆனியா என்று ஒரு வரிசை போடுகிறது, வாய், கால், தலை என்று எதாவது ஓரிடம் திரும்பும். திரும்புகிற இடத்தில் இடுக்குக் கோடு தெரியும், அது எனக்குப் பிடிக்காது, என் பையனுக்கு அதுதான் பிடிக்கும். பழைய ஈய மிருகங்கள் எங்காவது கண்ணில் பட்டால், பிரிட்டன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி போட்டது மாதிரி, வாங்கலாம், ஆனால் கண்ணாடிக்குள் வையுங்கள். ஈயம், குழந்தை கைக்குப் போகக்கூடாது.

கடையில் கையில் எடுத்ததும்

முதலில் தலைகீழாகத் திருப்புங்கள். வயிற்றிலோ காலின் உட்புறத்திலோ கம்பெனிப் பேர், ஒரு வருடம், தயாரான நாடு இருக்கும். அந்த வருடம் அச்சு வடிவமைத்த வருடம், உங்கள் பொம்மை வார்த்த வருடம் என்று நினைத்து "1998 பொம்மை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், நான் திரிந்திருக்கிறேன். முத்திரையே இல்லை, அல்லது இருந்த இடம் தேய்த்த மாதிரி வழவழவென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் நகல். பொம்மையையே வைத்து அச்சு எடுப்பதால் நகல் அசலை விடத் துளி சின்னதாக இருக்கும், ரோமக் கோடெல்லாம் மழுங்கியிருக்கும்.

அப்புறம் அச்சுக் கோடு. இரண்டு பாதி அச்சு சேர்கிற இடத்தில் முதுகிலும் வயிற்றிலும் ஒரு கோடு ஓடும். நல்ல பொம்மையில் அது ரோமத்தோடு கலந்திருக்கும், மட்டமானதில் நகத்தில் தட்டும். கண் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா? கையால் பெயிண்ட் அடிப்பதால் ஒரே மாடலில் பத்துப் பொம்மை பத்து முகத்தோடு இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக நிறுத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கவுண்டர் கண்ணாடி மேல் வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள், நாலு காலும் ஊன்றி நிற்க வேண்டும். மூக்கில் வைத்து முகருங்கள், சிரிக்காதீர்கள், பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

குழந்தைக்கு என்றால் இன்னும் ஒன்று. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கிற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், கரண்ட் இல்லாத பொம்மைக்கு ஐஎஸ் 9873 என்ற எண் இருக்கும், கூடவே சிஎம்/எல் என்று லைசென்ஸ் எண். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும். முத்திரை இல்லாத கவர் மிருகத்தை நான் அலமாரியில் வைப்பேன், வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன்.

விமர்சனம் எழுதுவது

வாங்கின அன்றே எழுதாதீர்கள். அன்றைக்கு எல்லாப் பொம்மையும் அழகு. ஒரு வாரம் மேஜை மேல் கிடக்கட்டும். தினமும் காபி குடிக்கும்போது கண்ணில் படட்டும். ஐந்தாம் நாள்தான் வால் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தெரியும்.

படம் எடுக்க மொட்டை மாடிதான் ஸ்டுடியோ. காலை ஏழு, ஏழரை மணிக்கு, தண்ணீர்த் தொட்டி நிழலில், சாம்பல் நிறச் சார்ட் பேப்பரை வளைத்து வைத்து எடுங்கள். வெள்ளைச் சார்ட்டில் பெயிண்ட் நிறம் மாறித் தெரியும். போனை மிருகத்தின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள், மேலிருந்து எடுத்தால் யானைகூட எலி ஆகிவிடும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் குறுக்களவு 27 மி.மீ, படம் பார்க்கிற யாருக்கும் அளவு உடனே புரியும். இரண்டு பக்கம், முகம், பின்புறம், வயிற்று முத்திரை என்று ஐந்து படம் போதும்.

எழுதும்போது "சூப்பர், வாங்கலாம்" என்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நான் எழுதிய ஒன்றைக் காட்டுகிறேன், எம்.சி. ரோடு நடைபாதையில் வாங்கிய நாற்பது ரூபாய் புலிக்கு:

"முத்திரை இல்லை. உள்ளே காலி, வெறும் கூடு. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 11 செ.மீ, வால் 4, இன்னும் ஒன்றரையாவது வேண்டும், நிஜப் புலிக்கு வால் உடலில் ஏறக்குறைய பாதி. தோள் உயரம் 6. முன்னங்கால் விரல் நாலு, மேல் விரலை விட்டுவிட்டார்கள். காதுப் பின்னால் வெள்ளைப் பொட்டு இல்லை. கண் பூனைக் கண். கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நிஜத்தில் அப்படி இருக்காது. ஆனால் தலையைத் தாழ்த்தித் தோள்பட்டை எலும்பு இரண்டும் முதுகுக்கு மேலே எழும்ப நடக்கிறது, அந்த ஒரு இடத்தை எவனோ நிஜமாகப் பார்த்துச் செய்திருக்கிறான். அதற்காக வாங்கினேன், பெயிண்ட் நானே மாற்றுவேன்."

இதுதான் வேண்டியது. அளவு, எது சரி, எது தப்பு, ஏன் வாங்கினீர்கள். நட்சத்திரம், மார்க் எல்லாம் உங்கள் இஷ்டம். இலவசமாகக் கொடுத்தார்கள் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வெயில், உப்புக்காற்று, தண்ணீர்

பெரும்பாலான பொம்மை பிவிசி. நம் ஊர் மே மாதமும் பிவிசியும் ஒத்துவராது. முதல் வருடம் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் வைத்திருந்த ஒட்டகச்சிவிங்கி கத்திரி வெயில் முடிந்து இறக்கியபோது முட்டி மடக்கி நமாஸ் பண்ணுகிற மாதிரி இருந்தது. இதற்கு வைத்தியம் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, வளைந்த காலை மட்டும் அரை நிமிடம் முக்குங்கள், இளகும். துணியால் பிடித்து நேராக்கி, அப்படியே ஐஸ் தண்ணீரில் வைத்து விறைக்கும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். உள்ளே கூடாக இருக்கும் பொம்மையில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பழைய பொம்மைகள் தொட்டால் பிசுபிசுக்கும். பிவிசியை மெதுவாக்கச் சேர்க்கும் தாலேட் எண்ணெய் கசிவதுதான் காரணம். குழந்தைகளுக்கு ஆகாது என்று ஐரோப்பா 2005லும் அமெரிக்கா 2008லும் சில தாலேட்டுகளுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தின, அதனால் அதற்கு முந்தைய மெத்தென்ற பொம்மைகளில் இது அதிகம். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், நிழலில் காயவைத்தல், அவ்வளவுதான். ஜிப் கவரில் இறுக்கி மூடி வைத்தால் இன்னும் மோசமாகும், காற்றாட வையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதையும் கிட்டே கொண்டு வராதீர்கள். ஒரு ஸ்டிக்கர் பசையை எடுக்கப் போய் ஒரு சிறுத்தையின் பாதி முகத்தை நான் துடைத்து எடுத்திருக்கிறேன்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்குப் பிளாஸ்டிக்கால் பிரச்சினை இல்லை, ஆனியா மாதிரி அசைகிற பொம்மைக்குள் எங்காவது இரும்பு ஸ்க்ரூ இருந்தால் துரு பிடிக்கும், மாதம் ஒரு தடவை துடையுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழுகிற அலமாரி வேண்டாம், சிங்கம் வெளுத்து வெள்ளாடாகிவிடும்.

அப்புறம் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ் வீட்டு நண்பருக்குக் கொடுத்து வைத்திருந்த இரண்டு டப்பா தரையில் இருந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் கூடு பொம்மையெல்லாம் மிதந்து கட்டிலுக்கு அடியில் ஒதுங்கியிருந்தது, திடமான பொம்மைகள் சேற்றில் அப்படியே நின்றன. கழுவியதும் எல்லாம் பிழைத்தது. பிழைக்காதது அட்டைப் பெட்டிகளும், எது எங்கே எப்போது வாங்கினேன் என்று எழுதி வைத்த நோட்டும். அதனால் நோட்டைப் படம் எடுத்துப் போனிலும் வையுங்கள், டப்பாவை இடுப்பு உயரத்துக்கு மேலே வையுங்கள்.

கிடைக்காததைச் செய்துகொள்வது

மேற்குத் தொடர்ச்சி மலை என்று வேலி போட்டவனுக்கு வரையாடு இல்லாமல் எப்படி? மாநில விலங்கு. கடை கடையாகத் தேடி அலுத்து, கடைசியில் கவரில் வந்த ஒரு வெள்ளாட்டை எடுத்தேன். தோளில் 5 செ.மீ, கணக்கு சரி. கொம்பை பிளேடால் வெட்டினேன். எம்-சீலைக் கறுப்பும் வெள்ளையும் சேர்த்துப் பிசைந்து இரண்டு சின்னக் கூம்பு உருட்டி, முறுக்கு இல்லாமல் பின்னோக்கி வளைத்து ஒட்டினேன். வரையாட்டுக் கொம்பில் முறுக்கு கிடையாது. கெட்டியாவதற்குள் ஈரக் குண்டூசியால் குறுக்கே வரி வரியாகக் கீறினேன். தாடியைச் சீவி எடுத்தேன், கழுத்தைக் கொஞ்சம் பருக்க வைத்தேன். ஒரு ராத்திரி காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அக்ரிலிக் பெயிண்ட், கரும்பழுப்பு. வயதான கிடாவுக்கு முதுகில் சேணம் போட்ட மாதிரி ஒரு வெளிர்ச் சாம்பல் திட்டு இருக்கும், அதை மட்டும் உலர்ந்த பிரஷால் ஒற்றி ஒற்றி வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, செலவு நூறு ரூபாய்க்குள். அடுத்தது காட்டுமாடு. கவரில் வருகிற "பைசன்" அமெரிக்கக் காட்டெருது, தாடியும் முன்னால் சடையுமாக இருக்கும், அது உதவாது. சாதாரணக் காளையை எடுத்து முதுகு மேட்டை ஏற்றி, முட்டிக்குக் கீழே நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ் போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

நவராத்திரி வந்தால் தெருவில் கொலு வைக்கிற வீடெல்லாம் உங்களைத் தேடி வரும், இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொசப்பேட்டையில் வாங்கிய மண் பொம்மைகள் படியில் இருக்கும், கீழே பார்க், மலை, காடு போடுவதற்கு நம் மிருகங்கள் வேண்டும். கொடுங்கள், ஆனால் மணல்மேல் வைக்கச் சொல்லுங்கள், விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், பசை போட்டு ஒட்டக் கூடாது. கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரு தட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வரும்போது அந்தப் படத்தை வைத்து எண்ணி வாங்குங்கள். போன வருடம் படம் எடுக்காமல் கொடுத்த என் கரடி எதிர் வீட்டு டிவி மேல் உட்கார்ந்திருக்கிறது. அது அவர்களுடையது என்கிறார் அந்த வீட்டு அக்கா.